‘இயற்கையைப் பார்த்துச் செய்தது’ என்றாலே பசுமைப் பொருளா? பயோமிமிக்ரி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஷூ, மெத்தை, சுவர் பெயின்ட், ஆபீஸ் கட்டடம். எதன் விளம்பரத்தை எடுத்தாலும் இப்போது ‘இயற்கையிடமிருந்து கற்றது’ என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் ஒரு இலை படமோ தேன்கூடு படமோ இருக்கும். விலையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இந்த வரிக்குப் பின்னால் உண்மையான ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் பயோமிமிக்ரி. உயிரினங்களைப் பார்த்துக் கற்று வடிவமைப்பது என்று சொல்லலாம். இந்த வழியில் வந்த சில பொருட்கள் மின்சாரத்தையும் நச்சு ரசாயனத்தையும் நிஜமாகவே குறைத்திருக்கின்றன. வேறு சில, கதையை மட்டும் இயற்கையிடம் கடன் வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் பழையபடியே செய்கின்றன. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அவசரமானது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ‘இந்தியா கூலிங் ஆக்‌ஷன் பிளான்’ கணிப்புப்படி, 2017-18-உடன் ஒப்பிட்டால் 2037-38-ல் நாட்டின் குளிரூட்டல் தேவை சுமார் 8 மடங்காகும். அந்தத் தேவையைத் தீர்க்கப்போகும் கட்டடங்களும் பொருட்களும் இப்போதுதான் வரைபடத்தில் இருக்கின்றன. அவற்றை வரைபவர்கள், வாங்குபவர்கள், அவற்றுக்கு முதலீடு தேடுபவர்கள் எல்லாம் இதை வாசிக்கும் உங்கள் வயதுக்காரர்கள்தான்.

பயோமிமிக்ரி என்றால் சரியாக என்ன?

முதலில், அது எது இல்லை என்று பார்ப்போம். சணலில் பை செய்வது பயோமிமிக்ரி அல்ல. மூங்கிலில் டூத் பிரஷ் செய்வதும் அல்ல. அங்கே இயற்கையிலிருந்து பொருளை எடுக்கிறோம். பயோமிமிக்ரியில் எடுப்பது யோசனையை. ஓர் உயிரினம் தன் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறது என்று புரிந்துகொண்டு, அதே கொள்கையை நம் பிரச்சினைக்குப் பொருத்துவது.

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஜனைன் பென்யஸ். 1997-ல் வந்த ‘பயோமிமிக்ரி’ என்ற அவருடைய புத்தகத்துக்குப் பிறகுதான் வடிவமைப்பாளர்களும் கம்பெனிகளும் இதைத் தனித் துறையாகப் பேசத் தொடங்கினார்கள். 2015-ல் சர்வதேச தர அமைப்பான ஐ.எஸ்.ஓ, இந்தத் துறையின் சொற்களுக்கும் முறைகளுக்கும் 18458 என்ற எண்ணில் ஒரு தர ஆவணமே வெளியிட்டது.

பென்யஸ் வழியில் யோசிப்பவர்கள் இதை மூன்று படிகளாகப் பிரிப்பார்கள்.

முதல் படி, வடிவம். ஓர் உயிரினம் எப்படி இருக்கிறதோ அந்த உருவத்தை எடுப்பது.

இரண்டாம் படி, செய்முறை. அந்த உயிரினம் ஒரு பொருளை எப்படி உருவாக்குகிறதோ அந்த முறையை எடுப்பது. அதிக வெப்பமில்லை, அதிக அழுத்தமில்லை, நச்சு ரசாயனம் இல்லை.

மூன்றாம் படி, அமைப்பு. ஒரு காடு கழிவே இல்லாமல் எப்படி இயங்குகிறதோ அப்படி ஒரு தொழிலை அமைப்பது.

விளம்பரங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் படி. சுற்றுச்சூழலுக்கு லாபம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் உதாரணங்கள் எளிதாகப் புரியும்.

தாமரை இலையும் ரெயின்கோட்டும்

‘தாமரை இலைத் தண்ணீர்’ என்ற உவமை நமக்குப் புதிதல்ல. அந்தத் தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து விளக்கியவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். இலையின் மேற்பரப்பு வழவழப்பானது இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள், அவற்றின் மேல் அதைவிடச் சின்ன மெழுகுப் படிகங்கள். நீர்த்துளி மேட்டு நுனிகளில் மட்டும் பட்டு நிற்கிறது. உருளும்போது தூசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடுகிறது.

இந்தக் கொள்கையை வைத்து 1999-ல் ‘லோட்டுசான்’ என்ற வெளிச்சுவர் பெயின்ட் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. மழையே சுவரைக் கழுவிவிடும் என்பது யோசனை. நல்ல யோசனைதான்.

ஆனால் ‘தண்ணீர் ஒட்டாது’ என்று விற்கப்படும் எல்லாமே இப்படி இல்லை. ரெயின்கோட், டிரெக்கிங் ஜாக்கெட் போன்றவற்றின் மேல் பூசப்பட்ட நீர்விலக்கிகளில் பல ஆண்டுகளாக ஃபுளோரின் சேர்ந்த பி-ஃபாஸ் வகை ரசாயனங்கள் பயன்பட்டன. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை என்பதால் இவற்றை ‘நிரந்தர ரசாயனங்கள்’ என்கிறார்கள். தாமரை இதே வேலையை, குளத்துத் தண்ணீரின் வெப்பநிலையில், மெழுகை வைத்துச் செய்கிறது. இலை உதிர்ந்தால் சேற்றோடு மக்கிவிடுகிறது.

அதாவது பலன் ஒன்று, செய்முறை வேறு. பையின் மேல் தாமரைப் படம் போட்டிருப்பதை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே சுறா, இரண்டு முடிவுகள்

சுறாவின் தோலில் பல் போன்ற மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் நீளவாக்கில் வரி வரியாக மேடுகள். இவை நீரின் உராய்வைக் குறைக்க உதவுகின்றன என்பது நீண்ட நாளாகத் தெரிந்த விஷயம்.

இதைச் சொல்லி நீச்சலுடைகள் வந்தன. 2012-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லாடர் தன் ஆய்வகத்தில் நிஜச் சுறாத் தோலையும் ‘ஃபாஸ்ட்ஸ்கின்’ நீச்சலுடைத் துணியையும் நீரில் வைத்துச் சோதித்தார். வளைந்து நெளியும்போது நிஜத் தோல் வேகத்தைக் கூட்டியது. நீச்சலுடையின் மேற்பரப்பு அப்படி எந்தச் சீரான பலனையும் தரவில்லை. அந்த உடைகள் வீரர்களுக்கு உதவியிருக்கலாம். உடலை இறுக்கிப் பிடிப்பது போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இப்போது அதே சுறாவை வானத்தில் பார்ப்போம். லுஃப்தான்சா டெக்னிக்கும் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனமும் சேர்ந்து ‘ஏரோஷார்க்’ என்ற மெல்லிய ஃபிலிமை உருவாக்கின. சுமார் 50 மைக்ரோமீட்டர் அளவுள்ள வரிகள் கொண்ட அந்த ஃபிலிமை விமானத்தின் உடம்பில் ஒட்டுகிறார்கள். 2022 முதல் சுவிஸ் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானங்களில் இது இருக்கிறது. எரிபொருள் மிச்சம் சுமார் 1%.

1% தானா என்று தோன்றலாம். 12 விமானங்களில் ஒட்டினால் ஆண்டுக்கு 4,800 டன்னுக்கு மேல் எரிபொருளும், சுமார் 15,200 டன் கார்பன் டை ஆக்சைடும் குறையும் என்பது நிறுவனங்கள் சொன்ன கணக்கு. விமானம் அதே விமானம், இன்ஜின் அதே இன்ஜின். பெரிய வார்த்தைகள் இல்லாத ஒரு சின்ன எண். ஆனால் எதில் எவ்வளவு என்று சரிபார்க்கக்கூடிய எண்.

பிளைவுட் வாசனைக்கும் சிப்பிக்கும் என்ன தொடர்பு?

புது ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் போட்டவர்களுக்குத் தெரியும். அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் ஒரு நெடி, சில பேருக்குக் கண் எரிச்சலும் வரும். அதில் முக்கியப் பங்கு ஃபார்மால்டிஹைடு. பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப் ஆகியவற்றை ஒட்டும் மலிவான பசை யூரியா-ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து வாயு மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு மாற்று கடற்கரையில் கிடைத்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் பேராசிரியரான கைச்சாங் லி, அலை அடிக்கும் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஸ்ஸல் சிப்பிகளைக் கவனித்தார். மலையாளிகள் கல்லுமக்காய் என்று சமைப்பது இந்த வகைதான். எவ்வளவு அலை மோதினாலும் அது விழுவதில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் அந்தப் பசை ஒரு புரதம்.

சிப்பியிலிருந்து பசை எடுப்பது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. லி வேறு மாதிரி யோசித்தார். மலிவாகக் கிடைக்கும் புரதம் எது? சோயா. சோயா புரதத்தை, சிப்பிப் புரதம் மாதிரி நடந்துகொள்ளும்படி மாற்றினால்? அப்படி உருவான பசையைக் கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் என்ற பிளைவுட் நிறுவனம் 2005 முதல் ‘பியூர்பாண்ட்’ என்ற பெயரில் பயன்படுத்தத் தொடங்கியது. 2006-ல் மட்டும் 4.7 கோடி பவுண்டு, அதாவது சுமார் 21,000 டன், ஃபார்மால்டிஹைடு பசைக்குப் பதிலாக இது பயன்பட்டது. 2007-ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை லிக்கும், கொலம்பியாவுக்கும், ரசாயன நிறுவனம் ஹெர்குலிஸுக்கும் பசுமை வேதியியல் விருது கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த பிளைவுட் சிப்பி மாதிரி இருக்காது. வடிவத்தில் இயற்கையின் சாயலே இல்லை. எடுத்தது செய்முறையை மட்டும். இரண்டு, இதுவும் நூறு சதவீதம் ‘இயற்கை’ அல்ல. பசையை இறுக்க ஒரு செயற்கை ரெசினும் சேர்க்கிறார்கள். ஆனாலும் பழைய பசையோடு ஒப்பிட்டால் குறைந்தது என்ன என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அடுத்த முறை கார்பென்டரோடு பிளைவுட் கடைக்குப் போனால் பிராண்டு பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘இது ஃபார்மால்டிஹைடு கசிவில் இ-0 வகையா, இ-1 வகையா?’ என்று கேளுங்கள். கசிவு குறைவு என்பதைச் சொல்லும் குறியீடு அது.

கறையான் புற்று சொல்லிக்கொடுத்த கட்டடம், தவறாக?

பயோமிமிக்ரி பற்றிய எந்தக் கட்டுரையிலும் வரும் கட்டடம், ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் சென்டர். 1996-ல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ். கடைகளும் ஆபீஸ்களும் உள்ள இந்தப் பெரிய கட்டடத்தில் வழக்கமான ஏசி கிடையாது.

வேலை செய்யும் விதம் இதுதான். பகலில் கான்கிரீட்டும் செங்கல்லும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் மின்விசிறிகள் அதை உள்ளே இழுத்து, தளங்களுக்குள் இருக்கும் வெற்றிடங்கள் வழியாக ஓடவிட்டு கான்கிரீட்டைக் குளிர்விக்கின்றன. மறுநாள் பகலில் அந்தக் குளிர்ந்த தளம் வழியாக வரும் காற்று அறைகளுக்குப் போகிறது. சூடான காற்று மேலேறி, கூரையில் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் வழியாக வெளியேறுகிறது.

யோசனை வந்தது கறையான் புற்றிலிருந்து. சுவிஸ் ஆய்வாளர் மார்ட்டின் லூஷர் முன்வைத்த கருத்துப்படி, புற்றுக்குள் உருவாகும் சூடு மேலேறி, காற்று சுழன்று, கூடு ஒரே சீரான வெப்பநிலையில் இருக்கும். அதாவது புற்று ஒரு இயற்கை ஏசி.

பிறகு ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகிய ஆய்வாளர்கள் நமீபியாவில் புற்றுகளை அளந்து பார்த்தார்கள். 2008-ல் அவர்கள் எழுதியது வேறு கதை. கூட்டின் வெப்பநிலை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இல்லை. சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. புற்றின் முக்கிய வேலை குளிரூட்டுவது அல்ல, மூச்சு விடுவது. நுரையீரல் மாதிரி, உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது.

2015-ல் இன்னொரு முக்கியமான ஆய்வு வந்தது. அதன் களம் பெங்களூரு. ஹார்வர்டைச் சேர்ந்த எல். மகாதேவனின் குழு, தென்னிந்தியாவில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒடன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்ற கறையானின் புற்றுக்குள் காற்று ஓட்டத்தை நேரடியாக அளந்தது. பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, நடுப்பகுதி சூடாகவில்லை. அதனால் காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் இது அப்படியே தலைகீழாகிறது. உள்ளே சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பகல்-இரவு வெப்பநிலை மாற்றம்தான் மோட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈஸ்ட்கேட்டும் பகல்-இரவு மாற்றத்தை வைத்துத்தான் இயங்குகிறது. பியர்ஸ் நம்பிய உயிரியல் தவறாக இருந்தாலும் கட்டடம் சரியாக வேலை செய்கிறது. காரணம், அதன் பொறியியல் தனியாகக் கணக்கிடப்பட்டது. கனமான சுவர், குறைவான கண்ணாடி, ஜன்னலுக்கு மேல் நிழல், இரவுக் காற்று. புற்று ஒரு தூண்டுதல் கொடுத்தது, நிரூபணம் கொடுக்கவில்லை.

ஈஸ்ட்கேட் பற்றித் தேடினால் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ‘90% ஆற்றல் மிச்சம்’ என்று ஒரு பக்கம், ‘35% மிச்சம்’ என்று இன்னொரு பக்கம். 35% என்பது ஹராரேயிலேயே முழு ஏசி வசதியுள்ள கட்டடங்களின் மொத்த ஆற்றல் பயன்பாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. 90% என்பதற்கு என்ன ஒப்பீடு என்று பெரும்பாலான பக்கங்கள் சொல்வதே இல்லை. டேட்டாவோடு வேலை செய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். எதில் 90%? எதோடு ஒப்பிட்டால்? பதில் இல்லாத சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

இன்னொன்றும் முக்கியம். ஹராரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் நன்றாகக் குளிரும். சென்னையின் மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஈரப்பதமும் அதிகம். ஈஸ்ட்கேட்டை அப்படியே இங்கே நகலெடுத்தால் இரவில் உள்ளே இழுக்கக் குளிர்ந்த காற்றே இருக்காது. பெங்களூருக்கும் புனேவுக்கும் ஓரளவு பொருந்தலாம். எந்த உயிரினமும் தன் இடத்துக்கான தீர்வைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. இடம் மாறினால் பாடமும் மாறும்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

இரண்டு உதாரணங்கள். ஒன்று சின்னது, இன்னொன்று மிகப் பெரியது.

டெல்லியைச் சேர்ந்த மோனிஷ் சிரிபுரபு நடத்தும் ‘ஆன்ட் ஸ்டுடியோ’, நொய்டாவில் உள்ள டெக்கி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்காக ஒரு குளிர்விப்பானைச் செய்தது. ஜெனரேட்டரின் அனல் காற்று தொழிலாளர்கள் நடமாடும் இடத்தில் வீசிக்கொண்டிருந்தது. அதன் எதிரே சுட்ட மண் குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கி, மேலிருந்து தண்ணீரைச் சொட்ட விட்டார்கள். கீழே சேரும் தண்ணீர் மறுபடி மேலே போகும். அவர்கள் அளந்தபடி, 50 டிகிரிக்கு மேல் இருந்த காற்று குழாய்களைக் கடந்து வரும்போது சுமார் 36 டிகிரியாகக் குறைந்தது.

இதில் குளிர்விப்பது தேன்கூடு அல்ல. நம்ம வீட்டு மண்பானை செய்யும் அதே வேலை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தேன்கூடு கொடுத்தது அடுக்கும் முறையை. குறைந்த இடத்தில் அதிக ஈரப் பரப்பு, காற்று தடையில்லாமல் போக வழி. பழைய கைவினை, உயிரியல், எளிய பம்ப் மூன்றும் சேர்ந்த பொருள் இது. வரம்பும் வெளிப்படையானது. வட இந்தியாவின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஆவியாகாது, பலனும் குறையும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் உண்டு.

இரண்டாவது, லவாசா. புனே அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் திட்டமிடப்பட்ட மலைநகரம். அதன் வரைபடத்தைத் தயாரித்த அமெரிக்காவின் எச்.ஓ.கே நிறுவனம், பயோமிமிக்ரி ஆலோசகர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்த காடு பருவமழையை எப்படிக் கையாண்டது, இலையின் கூர்முனை நீரை எப்படி வடிக்கிறது, எறும்புகள் தங்கள் கூட்டைச் சுற்றி வெள்ளத்தை எப்படித் திருப்பிவிடுகின்றன என்றெல்லாம் ஆராய்ந்து திட்டத்தில் சேர்த்தார்கள். சர்வதேச மாநாடுகளில் பாராட்டாகப் பேசப்பட்ட திட்டம் அது.

2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், தேவையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் கட்டுமானம் நடந்ததாகச் சொல்லி வேலையை நிறுத்த உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு முதல் கட்டத்துக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2018-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது.

வரைபடம் போட்டவர்களின் உயிரியல் ஆராய்ச்சி மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் மலைச்சரிவில் ஒரு நகரமே வர வேண்டுமா என்ற கேள்விக்கு எறும்பிடம் பதில் கிடையாது. அது சட்டமும் அரசியலும் உள்ளூர் மக்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். ‘எப்படிச் செய்வது’ என்பதற்கு பயோமிமிக்ரி உதவும். ‘செய்யலாமா’ என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படிக்கு ஓர் எளிய உதாரணம்

அமைப்பையே கற்பது என்றால் பெரிய நகரத் திட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் தரைவிரிப்பிலும் செய்யலாம்.

அமெரிக்காவின் இன்டர்ஃபேஸ் நிறுவனம் சதுரத் துண்டுகளாகத் தரைவிரிப்பு தயாரிக்கிறது. வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கி தன் குழுவைக் காட்டுக்கு அனுப்பி, ‘இயற்கை தரையை எப்படி வடிவமைக்கிறது என்று பார்த்து வாருங்கள்’ என்றார். காட்டுத் தரையில் இலை, சருகு, கல், குச்சி. எந்த இரண்டு அடியும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் ஒரே தரை. 2000-ல் வந்த ‘என்ட்ரோபி’ தரைவிரிப்பில் ஒவ்வொரு துண்டும் நிறத்திலும் கோலத்திலும் கொஞ்சம் வேறுபடும்.

இதனால் என்ன லாபம்? துண்டுகளை எந்தத் திசையில் வேண்டுமானாலும் போடலாம், வெட்டி வீணாவது குறைகிறது. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நிறம் கொஞ்சம் மாறினாலும் தெரியாது, அதனால் தயாரிப்பில் கழிக்கப்படுவது குறைகிறது. காபி கொட்டிவிட்டால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம், தளம் முழுவதையும் பிரிக்க வேண்டாம். பொருளில் ஒரு இலை படம்கூட இல்லை. ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்’ என்ற விதியைத் தளர்த்தியதே மாற்றம்.

வாங்கும் முன், முதலீடு செய்யும் முன், என்ன கேட்கலாம்?

உங்கள் டீம் ஒரு பொருளை வடிவமைத்தாலும் சரி, ஆபீஸுக்கு ஒரு ‘பசுமை’ப் பொருளை வாங்கினாலும் சரி, இந்த ஐந்து கேள்விகள் போதும்.

1. இயற்கையிடமிருந்து எடுத்தது எது? வடிவமா, செய்முறையா, அமைப்பா? வடிவம் மட்டும் என்றால் சுற்றுச்சூழல் பலன் தானாக வந்துவிடாது.

2. என்ன பொருளால் செய்தது? வெல்க்ரோ செடியின் ஒட்டும் விதையைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் அது நைலான். பயன் முடிந்த பிறகு எங்கே போகும் என்பதை மூலப்பொருள்தான் தீர்மானிக்கும்.

3. எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு மிச்சம்? யார் அளந்தது? ஏரோஷார்க்கின் 1% நல்ல பதில். ஒப்பீடு இல்லாத 90% நல்ல பதில் அல்ல.

4. உயிரியல் சரியா? அது தவறாக இருந்தாலும் பொருள் தனியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறதா? ஈஸ்ட்கேட்டுக்கு இரண்டாவது கேள்வியில் பதில் இருந்தது. நீச்சலுடைக்கு இல்லை.

5. நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பொருந்துமா?

சட்டமும் இப்போது உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் ‘கிரீன்வாஷிங்’கைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களை ஒரு பொருளுக்குப் பயன்படுத்தினால் அதற்கான ஆதாரம் இருக்க வேண்டும். ஒப்பீடு செய்தால் எதோடு, எந்த அம்சத்தில் என்று சொல்ல வேண்டும். விவரங்களை விளம்பரத்திலேயோ, கியூ.ஆர் கோடு அல்லது இணைய முகவரி மூலமாகவோ வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதில் ஓர் ஓட்டை உண்டு. ‘இயற்கையிடம் கற்றது’ என்பது பசுமைச் சொல்லா, வெறும் கதையா? சட்டத்துக்கு அது அவ்வளவு தெளிவில்லை. ஒரு நிறுவனம் ‘நாங்கள் பசுமை என்று சொல்லவே இல்லையே, தேன்கூட்டைப் பார்த்து வரைந்தோம் என்றுதானே சொன்னோம்’ என்று ஒதுங்க முடியும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வாங்குபவரின் கேள்விதான்.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு

பென்யஸின் குழு 2008-ல் தொடங்கிய ‘ஆஸ்க்நேச்சர்’ இணையதளம் இலவசம். ‘வெப்பத்தைக் குறைப்பது’, ‘நீரைச் சேகரிப்பது’ என்று வேலையைச் சொல்லித் தேடினால், அதைச் செய்யும் உயிரினங்களையும் அவற்றின் உத்திகளையும் காட்டும். பிரச்சினையிலிருந்து தொடங்கி உயிரினத்துக்குப் போவது நல்ல வழி. அழகான உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான பிரச்சினையைத் தேடினால் பெரும்பாலும் விளம்பரப் படம்தான் கிடைக்கும்.

இந்தியாவில் ஆராய வேண்டிய இடங்களும் அருகிலேயே இருக்கின்றன. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி-யில் உயிரியலாளர் ரெனீ போர்ஜஸும் சிவில் இன்ஜினீயர் தேஜஸ் மூர்த்தியும் சேர்ந்து, கறையான்கள் மண்ணை எப்படி உருண்டைகளாக்கி, எந்த அளவு ஈரத்தில் கட்டுகின்றன, அந்த மண் எப்படி மழையைத் தாங்குகிறது என்று ஆய்வு செய்திருக்கிறார்கள். சிமென்ட் தயாரிப்பு உலகின் பெரிய கார்பன் மூலங்களில் ஒன்று. சுடாமல், சிமென்ட் இல்லாமல், வருஷக்கணக்கில் மழையில் நிற்கும் மண் சுவர் எப்படிச் சாத்தியம் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. ஹராரேக்காரர்கள் புற்றின் காற்றைப் பார்த்தார்கள். ஒருவேளை நாம் பார்க்க வேண்டியது அதன் சுவரையோ என்னவோ.